வளர்ச்சி இல்லை

கணினியை மாட்டியவர்கள்
ஒரு டப்பா லட்டும் வைத்துவிட்டுப் போனார்கள்.
லட்டு அன்றைக்கே தீர்ந்தது.
கீழக்கரை உப்புக்காற்றில்
மூன்றாம் வாரமே செருகுமுனை பச்சை பூத்தது.
ஆயா மங்களேஸ்வரி தேங்காய் நாரால் தேய்த்து
மறுபடி செருகினாள்.

பிள்ளைகள் ரத்தத்தில் கிருமி ஏறப்போவதை
ஆறு மணி நேரம் முன்னால் சொல்லுமாம்.
பச்சை, மஞ்சள், சிவப்பு.
எங்கோ குளிர் ஊரில்
பன்னிரண்டாயிரம் பிள்ளைகளிடம் படித்து வந்ததாம்.
எங்கள் வார்டில் பன்னிரண்டு கட்டில்,
பதினேழு பிள்ளைகள்.
கட்டில் எண் கேட்ட இடத்தில்
நாலு, நாலு-ஏ என்று அடித்தேன்.
நாலு-ஏ என்றொரு பிள்ளை
இல்லவே இல்லை என்றது.

இரவில் நான் ஒருத்தி.
ஒரு மணிக்கு எண்ணிய மூச்சை
மணிக்கட்டுக்கு மேல் பேனாவால் எழுதிவைத்து
ஐந்து மணிக்குத்தான் ஏற்றுவேன்.
அது கற்றுக்கொண்டது இப்படி:
கீழக்கரைப் பிள்ளைகளுக்கு
விடியற்காலை ஐந்து மணிக்கு
எல்லோருக்கும் ஒன்றாய் உடம்பு மாறும்.

முதல் மாதம் மஞ்சளுக்கெல்லாம் ஓடினேன்.
அழுத பிள்ளைக்கு மஞ்சள்.
பால் குடித்த பிள்ளைக்கு மஞ்சள்.
கால்விரலில் கருவி வழுக்கியதற்குச் சிவப்பு.
ஒரே இரவில் நாற்பத்தொன்று.
அதற்கு மேல் ஒலியைக் குறைத்தேன்.
எழுதிக்கொள்ளுங்கள், நான்தான் குறைத்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன்.
டாக்டர் ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு போட்டதும்
எண் ஏறும். அதுவரை சும்மா இருக்கும்.
நாங்கள் பயந்த பிறகு அதற்கும் பயம்.
"டாக்டரம்மா மூஞ்சியப் பாத்து
நானே சொல்லுவேனே அத," என்றாள் மங்களேஸ்வரி.

ஆடி. கச்சான் காற்று. ஏழாம் கட்டில்.
முந்தலில் இருந்து களஞ்சியம்,
பாசி எடுக்கிறவள், பத்து விரலிலும் துணி சுற்றி.
மடியில் நம்பீஸ்வரி,
எட்டு மாதம், ஐந்தரைக் கிலோ.
நெஞ்சுச் சளி, சாதாரணம் என்று எழுதியிருந்தது.

இரண்டேகாலுக்குத் திரை சிவந்தது,
சத்தமில்லாமல்.
தண்ணீர் குடிக்கத் திரும்பியதால் பார்த்தேன்.
அவ்வளவுதான் என் திறமை.

பிள்ளை தூங்குகிறது. காய்ச்சல் இல்லை.
பாதம் மட்டும் கொஞ்சம் ஈரக் குளிர்ச்சி,
என் கையாகவும் இருக்கலாம்.
தாயை எழுப்பிக் கேட்டேன்.
"என்னத்தச் சொல்ல சிஸ்டர்,
பகல் பூராவும் தண்ணிக்குள்ள நின்னேன்,
கண்ணசந்துட்டேன்."

டாக்டர் மர்ஜானா மாடியிலிருந்து வந்தார்.
போன வாரம் இதே பெட்டியை நம்பி
மூன்று பிள்ளைகளுக்கு வீணாய் ஊசி என்றார்.
நின்றார்.
மின்சாரம் போய் வந்தது. இன்னும் நின்றார்.
பிறகு மருந்தை எடுக்கச் சொன்னார்.

ஊசி முந்தியதா, ரத்தம் எடுத்தது முந்தியதா,
அந்தப் பரபரப்பில் நினைவில்லை.
ஒரு மில்லிகூட வரவில்லை.
ராமநாதபுரம் போய், மதுரை போய்,
ஐந்தாம் நாள் காகிதமாய்த் திரும்பியது:
வளர்ச்சி இல்லை.
பிள்ளையைச் சொல்கிறார்கள் என்று
ஒரு நொடி நினைத்தேன். கிருமியைத்தான்.
நம்பீஸ்வரி அப்போது
என் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாதக் கடைசியில் ஒரு படிவம்.
எச்சரிக்கை சரியா, தவறா?
இரண்டே கட்டம்.
கிருமி வளரவில்லையென்றால் தவறு என்று குறிக்க வேண்டும்,
அதைப் பார்த்துத்தான் பெட்டி மேலும் படிக்குமாம்.

வரவிருந்தது நின்றதா,
வரவே இருக்கவில்லையா?
ஊசி போடாத நம்பீஸ்வரி என்றொரு பிள்ளை
இல்லவே இல்லை.

தவறு என்றால்
அடுத்த பிள்ளைக்கு அது வாய் திறக்காமல் போகும்.
சரி என்றால்
நாற்பத்தொன்று எண்பதாகும்.

கட்டங்களை விட்டுவிட்டு
கணினி படிக்காத ஓரத்தில்
கடிபட்ட பேனாவால் எழுதினேன்:
பாதம் குளிர்ந்திருந்தது.
என் கையாகவும் இருக்கலாம்.

ஒலியை
ஒரு கோடு ஏற்றிவைத்தேன்.